தலைவருக்கு நான் சொன்ன உண்மை

ஓஹையோ, 1911 ஜூன் 12

அன்பும் மரியாதையும் மிக்க எல்ஸ்பெத் அக்காவுக்குத் தம்பி லாக்லன் எழுதுவது. நான், நெட்டி, குழந்தைகள் மூவரும் சுகம். ஸ்காட்லாந்தில் குளிர் விட்டு உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நாங்கள் ஊருக்கே திரும்பி வருகிறோம். நம் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லிவிடு.

இரண்டு வருஷமாக இந்த கிளப்பில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறேன். நம்ம ஊர்ப் பேச்சு இவர்களுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரிவதில்லை; "பந்தைப் பாருங்க" என்றால் என் வாயைப் பார்க்கிறார்கள். கிளப் தலைவர் ஸ்ட்ரிக்லர், சோப்புத் தொழிற்சாலை முதலாளி, தினமும் என்னிடம் பாடம் கேட்பவர். அவர் பந்து நேராகப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் சட்டைப்பையிலிருந்து தவறி விழுந்து உருண்டபோது. சனிக்கிழமை பக்கத்து ஊர் கிளப்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள், இந்த மனுஷன் சும்மா இருக்காமல் மட்டையை எடுத்து ஒரு வீச்சு வீசினார், பந்து அசையலை, புல்லும் மண்ணும் கிளம்பிப் போய் விருந்தாளித் தலைவரோட எலுமிச்சைச் சர்பத்துல விழுந்தது, இரண்டாவது வீச்சுல அந்த விருந்தாளியோட சம்சாரத்தோட தொப்பி போச்சு, மூணாவதுல மட்டையே கைநழுவிப் பறந்து சமையற்காரர் வச்சிருந்த ஆப்பிள் பணியாரத்துல போய் நட்டுக்கிட்டு நின்னுது. அத்தனை பேர் முன்னாடியும் என்னைப் பார்த்து, "எப்படிப்பா நம்ம வீச்சு?"ன்னு கேட்டார் அக்கா! பொய் வரலை. "ஐயா, இதை விட்டுட்டு மீன் பிடிக்கப் போங்க. தண்ணிக்குள்ள இருக்கிறதால மீனாவது தப்பிச்சுக்கும்"னேன். இரண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் நான் பேசினது எல்லாருக்கும் சுத்தமாப் புரிஞ்சுது.

தலைவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. மட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். நெட்டி அழுதுகொண்டே பெட்டி கட்டுகிறாள். வேலை போனால் போகட்டும். பொய் சொல்லிப் பிழைக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தங்கள். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

உன் தம்பி,
லாக்லன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தலைவரே வீட்டுக்கு வந்துவிட்டார். "பதினொரு வருஷமா ஒருத்தனும் எங்கிட்ட உண்மையைச் சொல்லலப்பா. நீ போகக்கூடாது. இனிமே தினம் உண்மையை மட்டும்தான் சொல்லணும்" என்று கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் செய்துகொடுத்தேன். உடனே வாசலிலேயே ஒரு அடி அடித்துக் காட்டினார். பந்து பின்பக்கமாகப் போய் எங்கள் சமையலறை ஜன்னலை உடைத்தது. "எப்படி?" என்றார். நெட்டியைப் பார்த்தேன், கட்டின பெட்டிகளைப் பார்த்தேன். "பிரமாதம் ஐயா!" என்றேன். மாடியறைக்காரர் அங்கேயே இருக்கட்டும்.