நம்பி வாங்கலாம்

ரெண்டு மூளையாம். ஒன்று வேலைக்கு, ஒன்று விளையாட்டுக்கு. இந்த வீட்டில் ஏற்கெனவே அப்படித்தானே நடக்கிறது? வேலைக்கு நான், விளையாட்டுக்கு இவர். இதற்கு ஒரு பெட்டி வேறு எதற்கு?

இதை ரேவதி வாய்விட்டுச் சொல்லவில்லை. திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடியில் புதுக் கம்ப்யூட்டர் சிவப்பும் நீலமுமாக மின்னியது. மின்னுவதை மட்டும் அது நிறுத்தவே இல்லை.

"டாப் எண்டு டூயல் கோர் இது, உள்ள ரெண்டு மூளை. நீ பாட்டுக்கு வேலை பாரு, நான் ஒரு பக்கம் கேம் ஆடுறேன். தாங்கும்" என்று சொல்லித்தான் அவள் கணவன் சக்திவேல் அதை வாங்கி வந்திருந்தான்.

செங்கம் ரோட்டில் மூன்று விடுதிகளுக்கு அறைப் பதிவு பார்ப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே ஈமெயிலில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதி, எந்த அறை யாருக்கு என்று குறித்து வைக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் திணறியதால் பங்குனியில் அதை வேங்கிக்கால் கம்ப்யூட்டர் கடையில் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டாள். சமையலைப் பாதியில் விட்டுப் போன நாள் அது. கடைப் பெண் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். அதன்பின் மூன்று மாதம் செல்போனிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை. அவளுக்குச் சொல்லாமலேயே அதே கடையிலிருந்து இதை வாங்கி வந்தான் சக்திவேல். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாமாம்.

"சும்மா வாங்கல. வாங்கினவங்க எழுதினதைப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்று கடைக்காரர்கள் போட்டிருந்ததைத் தன் போனில் காட்டினான். ஓர் இல்லத்தரசி சொல்கிறார்: ஒரே நேரத்தில் பத்து வேலை செய்தாலும் திணறாது. பிள்ளைகள் கேம் விளையாடலாம். நம்பி வாங்கலாம்.

முதல் நாளே இரண்டு கடிதத்தையும் அறைப் பட்டியலையும் சேர்த்துத் திறந்ததும் நின்றுவிட்டது. அவள்தான் ஜாஸ்தி திறக்கிறாள் என்றான் சக்திவேல். சரியென்று பட்டியலை மூடிவிட்டு, அறை எண்களைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.

மூன்றாம் நாள் பெட்டி சுட்டது. கடைக்குப் போன் செய்தான். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு ஃபேனை அதன் பக்கம் திருப்பச் சொன்னார்கள். ஃபேன் திரும்பியது. காலண்டர் தாள் பறந்து கைக்கெட்டாமல் பிரிட்ஜுக்கு அடியில் போனது. நினைவில் இருந்ததை வைத்து மறுபடியும் எழுதினாள்.

ஐந்தாம் நாள் இடம் போதவில்லை என்று தேவையில்லாதவற்றை அழித்தான் சக்திவேல். அவளுடைய அறைப் பட்டியல் போயிற்று. அவனுடைய விளையாட்டு இருந்தது.

"அதை ஏங்க அழிச்சீங்க?"

"நீதான் பேப்பர்ல எழுதுறியே."

ரேவதிக்கு அவன்மேல் வந்த கோபம் பெரிதில்லை. அவன் எதைத்தான் சரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறான்? கடைக்காரன்மேலும் இல்லை, விற்கிறவன் பொய் சொல்வான். அந்த இல்லத்தரசியை நினைத்தால்தான் வயிறு எரிந்தது. வேலை செய்கிற ஒரு பெண், இன்னொருத்தி இதை நம்பி உட்காருவாள் என்று தெரிந்தே எப்படிச் சொன்னாள்? சோற்றை வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முகம் தெரியாத அவளோடு சண்டை போட்டாள். சண்டையில் எப்போதும் ரேவதியே ஜெயித்தாள்.

ஆறாம் நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்தபோது விடுதிக்காரர் சோமசேகரன் அழைத்தார்.

"ஏம்மா, மௌன விரதத்துல இருக்கிற ஜெர்மன்காரம்மா ரூமுக்கு விஜயவாடாலேருந்து எட்டு பேர் பெட்டி படுக்கையோட வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் நீதான் குடுத்துருக்க. அந்தம்மா வாயைத் திறக்காம நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுது. என்னை எங்கப்பா கூட இவ்ளோ திட்டினதில்ல."

"சிஸ்டம் நின்னுடுச்சுங்க, அதான்."

"இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்மா. தப்பா நினைச்சுக்காத."

மறுநாள் காலை ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரேவதி வேங்கிக்கால் போனாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே வரிசையாக மனத்தில் அடுக்கி வைத்திருந்தாள்.

கடையில் இருந்த அதே பெண், ஆர்த்தி, சண்டைக்கே இடம் வைக்கவில்லை. "வாங்கக்கா, மாத்திக்கலாம். நாலு கோர் ஒண்ணு இருக்கு, இதே ரேட்டுக்கே ஓனர் தரச் சொல்லுவாரு" என்றாள். பில்லைப் பார்த்துவிட்டு, "ஓ, இந்த சார் உங்க வீட்டுக்காரரா? எனக்குத் தெரியாதுக்கா" என்று சிரித்தாள். பிறகு டைப் பண்ணத் தயாராகப் போனை எடுத்துக்கொண்டாள். "இதை அடுத்தவங்களுக்குத் தள்ளணும். நீங்க ரெண்டு நல்ல வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

ஏழு நாள் கோபத்தோடு ரேவதி பெட்டியை மூலையில் இறக்கி வைத்தாள்.

"அப்படிச் சொன்னாளே ஒரு அம்மா, திணறாது, நம்பி வாங்கலாம்னு. அவங்க வீடு எங்கன்னு சொல்லுங்க முதல்ல. நேர்ல போய்க் கேக்கணும்."

ஆர்த்தி போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"என்னக்கா விளையாடுறீங்க? பங்குனியில உங்க மெஷினைக் குடுத்தப்போ நான் கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு நீங்க சொன்னதுதானே அது. உங்க மெஷின்ல இருந்த பிராசசர்தான் இதுக்குள்ள இருக்கு, மேல லைட்டு கேபினட் மட்டும் புதுசு."

கோபம் உட்கார இடம் தேடியது. மூலையில் விளக்கு அணைந்து கிடந்த பெட்டியைத் தவிர அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"அப்ப சொன்னதையே போட்டுடட்டுமாக்கா?"

"வேணாம்மா."

"அப்ப ஓனர் மாத்தித் தர மாட்டாரேக்கா."

ரேவதி தெரியும் என்று தலையசைத்தாள். குனிந்து பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டோ வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.