கறுப்புக் காரின் முன் ஓர் உடற்பயிற்சி

முழங்காலை நேராக நீட்டச் சொன்னால் மற்றவர்கள் நேராக நீட்டுவார்கள். என் முழங்கால் நேரைக் கடந்து பின்பக்கம் வளைந்து, அங்கே போய் நின்றுகொண்டு, ‘இதுதான் நேர்’ என்று என்னிடம் சாதிக்கும். நெடுங்காலம் நானும் அதை நம்பினேன்.

எனக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வானவை. பள்ளியில் கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட்டுக் காட்டிப் புகழ் பெற்றேன். (வாயைத் திறக்காமலே பெற்ற புகழ் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.) கல்லூரிக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோதெல்லாம், கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரு பக்கமும் என் தோள் மறுபக்கமும் திரும்பின. சேலத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் போனேன்.

“உங்களுக்கு வளையற பயிற்சி ஒண்ணுமே வேண்டாமுங்க. வளைஞ்ச வரைக்கும் போதும்” என்றார் அவர். “மூட்டைச் சுத்தி இருக்கற தசைக்குத்தான் பலம் வேணும். மெதுவா, கண்ணாடியப் பாத்துச் செய்யுங்க. ‘நேரா இருக்கேன்’னு உங்க உடம்பு சொன்னா மட்டும் நம்பிராதீங்க.”

என்னைப் பற்றி இத்தனை கூர்மையான விமரிசனத்தை என் பேராசிரியர்கள்கூட எழுதியதில்லை.

ஆனால் கண்ணாடிக்கு எங்கே போவது? மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டர். ஆட்களுக்கு வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் எழுதுபவர். நாங்கள் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டில் இருந்தது அப்பா சவரம் செய்யும் கண்ணாடி ஒன்றுதான். அதில் தோளைப் பார்த்தால் முழங்கால் தெரியாது. முழங்காலைப் பார்த்தால் நான் எதற்காக வாழ்கிறேன் என்பதே தெரியாது.

சென்ற ஆண்டு எஸ்டேட் கைமாறியது. அப்பா ஓய்வுபெறும் நேரம். புதிய முதலாளி குடியிருப்புகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கான அறைகளாக மாற்றப் போகிறார் என்று பேச்சு. என் எம்.ஏ. முடியும் வரையிலாவது வீட்டை விட்டுவைக்கும்படி கேட்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். முதலாளி மனைவியோடு முதன்முறையாக வரவிருந்த அன்று காலை, அம்மா என்னிடம் சொன்னாள்:

“அந்தம்மாவப் பாத்தா ரெண்டு வார்த்தை பேசு கண்ணு. உம்முனு நின்னீன்னா திமிருனு நெனச்சுக்குவாங்க. அப்பறம் ஊடு போயிரும்.”

நான் முந்தைய இரவே ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன்: ‘வணக்கம் அம்மா. தங்கள் வருகை எங்களுக்குப் பெருமகிழ்வளிக்கிறது.’ (வல்லினம் மிகும் இடம் உட்பட அனைத்தும் சரிபார்க்கப்பட்டது.)

கார் வந்தது. முதலாளியும் டிரைவரும் அப்பாவோடு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப் போவதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அந்த அம்மாவும் முன்னால் போயிருப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தோரம் கார் தனியே நின்றது. கறுப்புக் கார். கறுப்புக் கண்ணாடி. முகம் முதல் முழங்கால் வரை தெரியும் மெருகு. அது பேட்டரிக் கார் என்பதும், சத்தமே இல்லாமல் உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் நான் அறியாதவை.

இப்படியொரு கண்ணாடி மறுபடி வாய்க்குமா? பயிற்சியைத் தொடங்கினேன்.

முதலில் ஒற்றைக்காலில் நின்றேன். மனிதர்கள் முன் பேசாத நான், கண்ணாடியைக் கண்டால் பேச்சாளர் ஆகிவிடுவேன். “முட்டியைப் பின்னால் தள்ளாதே. இது நிற்பதா? வெந்த சேமியா இதைவிட ஒழுங்காக நிற்கும்” என்று என் பிம்பத்தைக் கண்டித்தேன். பிறகு, நேரத்தை வீணாக்காமல், வரவேற்பு வாக்கியத்தையும் சேர்த்தே பயின்றேன்.

“வணக்கம் அம்மா. தங்கள் வருகை... சிரிப்பு போதாது. வீடு கேட்கிற முகமா இது? தங்கள் வருகை எங்களுக்கு... பல்லைக் காட்டாதே. அம்மா, நான் படித்து முடிக்கும்வரை வீட்டைப் பிடுங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்!”

அடுத்தது சுவர்ப் பயிற்சி. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முன்னே சாய்ந்து, மெதுவாகத் தள்ளி மீள வேண்டும். காரின் சன்னலே சுவராயிற்று. ஒருமுறை சாய்ந்து மீண்டேன். மறுமுறை களைத்துப்போய், நெற்றியைக் கண்ணாடியில் பதித்து மூச்சு வாங்கினேன்.

அப்போது சுவர் இறங்கியது. (சுவர்கள் பொதுவாக இறங்குவதில்லை. அக்கா எழுதித் தந்த பயிற்சித் தாளிலும் அதற்குக் குறிப்பில்லை.)

இடுப்பு வரை காருக்குள் போய்விட்டேன். விழுந்த இடம் பட்டுப்புடவை விரித்த ஒரு மடி. அதிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே போனது. மலைப்பாதையில் தலை சுற்றியதால், பழத்தை முகர்ந்தபடி முதலாளியம்மா காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“ஏன் கண்ணு, மயக்கமா?” என்றார் அவர். நெற்றியைச் சாய்த்ததைப் பார்த்துப் பயந்து, உதவுவதற்காகத்தான் சன்னலை இறக்கினாராம்.

அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. மடியில் முகம் புதைந்த நிலையிலேயே சொன்னேன்: “வணக்கம் அம்மா. தங்கள் வருகை எங்களுக்குப் பெருமகிழ்வளிக்கிறது.”

சொல்லி முடித்து எழ முயன்றபோது வலத்தோள் நழுவியது. உடனே ‘டொக்’ என்று தானே திரும்பி உட்கார்ந்தது. எனக்கு அது பழகிய வலி. முதலாளியம்மாவுக்கு அந்தச் சத்தம் புதிது.

“ஐயோ! புள்ளைக்குக் கை கழண்டுருச்சுங்க!”

அந்த அலறலில் எல்லாரும் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார்கள். வீட்டிலிருந்து கரண்டியோடு அம்மாவும் வந்தாள். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. “நீ என்ன பண்ணுன?” என்றார் மனைவியிடம்.

“பட்டனத்தானுங்க அமுத்துனேன்!”

அப்பா, ஆறுதல் சொல்வதாக எண்ணி, “பயப்படாதீங்க மொதலாளி. அவளுக்கு அது அடிக்கடி கழலுமுங்க. அதுவாவே மாட்டிக்குமுங்க” என்றார்.

“அடிக்கடி கழலுமா!” முதலாளியம்மா கணவர் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, இந்தப் புள்ளையவா ஊட்டக் காலி பண்ணச் சொல்லப் போறீங்க? பீரோவ வண்டியில ஏத்துறப்ப எது எது கழண்டு உழுகுமோ! அந்தப் பாவம் நமக்கெதுக்கு? படிச்சு முடிக்கட்டும். அது வரைக்கும் இங்கியே இருக்கட்டுமுங்க.”

முதலாளி என் தோளையும் தன் கார் சன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “செரி, இருக்கட்டும்” என்றார்.

அப்பா திகைத்து நின்றார். அவர் இன்னும் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. “அம்மாவுக்கு எப்படித் தெரியுமுங்க?” என்று தயங்கிக் கேட்டார்.

“இந்தக் கண்ணுதான் சொல்லுச்சு” என்றார் முதலாளியம்மா. “எங்கிட்ட இல்லீங்க, கண்ணாடிகிட்ட.”

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

பயிற்சியை விடாமல் செய்து வருகிறேன். தோள் இப்போதெல்லாம் நழுவுவதே அரிது. பஸ் கம்பியை அச்சமின்றிப் பிடிக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் அக்காவுக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. அம்மாவுக்குத்தான் கவலை.

“கொஞ்சம் நிதானமாப் பண்ணு கண்ணு. படிப்பு முடியறதுக்குள்ள முழுசா நல்லாயிட்டா, ஊட்டக் கேட்டாலும் கேட்டுருவாங்க” என்கிறாள்.

களத்தில் கறுப்புக் கார் வந்து நிற்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அவள் குரலும், அப்பாவின் சிரிப்பும் சேர்ந்து கேட்கும்:

“மொதலாளி வந்துட்டாங்க. கைய கொஞ்சம் தொங்கப் போட்டுக்க!”