பின்பேட்டரிப் படலம்

கரும்பலகைக் களத்தில் கண்டங்களை ஏழாய் வகுத்தளந்த கோமான், சுண்ணக்கட்டி முனையால் மாகடல்களை வரைந்து அழிதுணியால் வற்றச்செய்த வித்தகர், ஆயினும் தம் ஆயுளில் ஒரு கடலையும் கண்ணால் காணாத பூகோள வாத்தியார் வெல்க! பணி ஓய்வுற்றதும் அவர் தேடிக் கொணர்ந்த, கட்டிலும் அடுப்பும் குளிர்பெட்டியும் வயிற்றகத்தே சுமந்த தகரக்களிறாம் பழைய கேரவனும் வெல்க!

அக்களிற்றுக்கு இதயங்கள் இரண்டு. முன்பேட்டரி என்ஜினை எழுப்பும். பின்பேட்டரி விளக்கையும் குளிர்பெட்டியையும் காக்கும். என்ஜின் ஓடுகையில் ஆல்டர்னேட்டர் என்னும் வற்றாச் சுரபி இரண்டுக்கும் மின்னமுதூட்ட வேண்டும். அந்நெறியைப் பின்பேட்டரி மீறியது. கடல்காணப் புறப்படும் பயணத்துக்கு முன்நாள், வெள்ளோட்டம் போய்த் திரும்பிய பின்னும் உள்விளக்கு நோயுற்ற மின்மினிபோல் மங்க, குளிர்பெட்டி ஒருமுறை இருமி அடங்கியது.

சர்க்கரை நோயை நாள்தோறும் ஊசிமுனையில் நிறுத்திப் பொருதும் வீராங்கனையான அவர் மனைவி, வண்டி நின்ற கொட்டகை வாயிலில் தோன்றிச் சூளுரைத்தாள்.

"என்னங்க, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் ஓடலன்னா நான் வரல. நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து, எனக்கு மேப்ல காட்டுங்க."

இடியேறு கேட்ட நாகமென நடுங்கினார் வாத்தியார். தனியே கடலைக் காண்பதினும் காணாதிருத்தலே நன்றென்பது அவர் நெஞ்சறிந்த உண்மை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் வீரம் அவருக்கு வாய்த்ததில்லை. ஆகவே ஸ்பேனரை எடுத்தார்.

அப்போது களம்புகுந்தான் மைத்துனன், பெயின்ட் கடைவேந்தன், எதையும் பழுதுபார்த்தறியாதவன், எதற்கும் 'மாத்திடலாம்' எனத் தீர்ப்பளிக்கத் தயங்காதவன்.

"மாமா, பேட்டரி செத்துப்போச்சு. மாத்திடலாம்!"

"போன மாசம்தானேடா மாட்டினேன்?"

"அப்ப ஆல்டர்னேட்டர் போச்சு. அதையும் மாத்திடலாம்!"

மின்னழுத்தம் அளக்கும், செங்கொம்பும் கருங்கொம்பும் உடைய மல்டிமீட்டரை ஏந்தினார் வாத்தியார். மனைவியை ஓட்டுநர் அரியணையில் அமர்த்தி ஆக்சிலரேட்டரை மிதிக்கப் பணித்தார். என்ஜின் பிளிறியது, கொட்டகைத் தகரங்கள் அதிர்ந்தன, தூணில் உறங்கிய பல்லி துறவு பூண்டு வெளியேறியது. முன்பேட்டரியில் கொம்புகளை ஊன்றினார்: பதினான்கு வோல்ட்டுக்கும் மேல்! பின்பேட்டரியில் ஊன்றினார்: பன்னிரண்டைக்கூட எட்டவில்லை.

"ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு! மலையில ஆறு பெருக்கெடுத்து ஓடுது, வயலுக்கு மட்டும் வரல! நடுவுல எங்கயோ அடைப்பு!" என்று முழங்கினார்.

அடைப்பைத் தேடி இரு வீரரும் வண்டியின் அடிவயிற்றில் தவழ்ந்தனர். வயர்களோ, கரிய சடைவிரித்த காடென அவர்களை மயக்கின. மைத்துனன் தலை அச்சில் மோதியது; வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி எண்ணெய்க்குட்டையில் நீராடியது; இது ஹாரனுக்குப் போகும் வயரா அன்றா என்று மாமனும் மைத்துனனும் மல்லாந்தபடியே சொற்போர் புரிந்தனர்.

"என்னங்க, இந்த சீட்டுக்கு அடியில என்னமோ சுடுதே?" என்றது மேலுலகக் குரல்.

"நீ மிதிச்சுட்டே இரும்மா, காலை எடுத்துடாத!" என்று அசட்டை செய்தது கீழுலகம்.

"தீய்ஞ்ச வாடை வேற வருது."

"அது இவன் தலையில தேய்ச்சிருக்கிற எண்ணெய்!"

அவள் என்ஜினை அணைத்து, இறங்கி, இருக்கையைத் தூக்கினாள். ஆங்கே, பின்பேட்டரிக்குச் செல்லும் தடித்த வயரின் நடுவே, பச்சைக்களிம்பு பூத்து, பிடிதளர்ந்து, பாதி உருகிய மேனியோடு வீற்றிருந்தது ஒரு ஃபியூஸ் கூடு.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க," என்றாள்.

வந்தனர். கண்டனர். மைத்துனன் தொண்டையைச் செருமி, "மாத்திடலாம்," என்றான். அவன் வாழ்நாளில் அச்சொல் முதன்முறை பொருந்திய கணம் அது. பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, வயர்முனையைச் சுரண்டிப் பளிச்சிடச்செய்து, அவன் ஓடிப்போய் வாங்கிவந்த புதுக்கூட்டை வாத்தியார் பொருத்தினார். மீண்டும் பிளிறிற்று களிறு. பின்பேட்டரியில் ஊன்றிய மீட்டரின் எண்கள், பகைவர் கோட்டை மதிலேறும் படைபோல் பன்னிரண்டைத் தாண்டி, பதின்மூன்றையும் கடந்து நின்றன. விளக்கு சுடர்ந்தது, குளிர்பெட்டி உறுமியது, வாத்தியார் மீட்டரை விண்ணோக்கி உயர்த்தி, "வழி திறந்தாச்சு!" என்று திசையெட்டும் அதிர அறைகூவினார்.

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினார்கள். அவள்தான் வண்டி ஓட்டினாள்.