ஸ்கீனோ தீவின் எழுபத்து மூன்று பேர்

ஸ்கீனோ தீவு,
24 மார்ச் 1991

பெருமதிப்புக்குரிய என் அக்கா எவந்தியாவுக்கு,

தம்பி அனார்கிரோஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிளியோவும் பதினொரு ஆடுகளும் நலம். மெல்போர்னில் நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஊரில் என்ன விசேஷம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், நானும் முப்பது வருஷமாக ஒன்றுமில்லை என்றே எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை இருக்கிறது. உட்கார்ந்து படி.

போன மாதம் மாவட்டத் தலைநகரிலிருந்து எனக்கு ஒரு ஆணை வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நம் தீவில் நான்தான் அதிகாரியாம். முப்பத்து நாலு வருஷம் இந்தத் தீவுக்குப் பூகோளமும் சரித்திரமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே உறையில் நம் ஊராட்சித் தலைவர் பான்டெலிஸுக்கு இன்னொரு தாளும் இருந்தது. ஐம்பது பேருக்குக் குறைந்த தீவுக்குத் தனி ஊராட்சி கிடையாது, பக்கத்துத் தீவோடு சேர்த்துவிடுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்துத் தீவு என்றால் வெலானி! துருக்கியன் காலத்தில் வரி வசூலிக்க வந்த கப்பலிடம், 'நாங்கள் பரம ஏழைகள், பணக்காரர்கள் எல்லாம் எதிர்த்தாற்போல் ஸ்கீனோவில் இருக்கிறார்கள்' என்று கை நீட்டிக் காட்டிக் கொடுத்தார்களே, அந்த வெலானி. இந்த நாட்டில் சின்னதும் பெரியதுமாக ஆறாயிரம் தீவு இருக்கிறது, அதில் மனுஷன் வசிப்பது இருநூற்றுச் சொச்சம், அத்தனையையும் விட்டுவிட்டு நமக்குப் பக்கத்தில் அவர்களைப் போட்ட கடவுளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பான்டெலிஸ் தன் காப்பிக் கடையிலேயே ஊரைக் கூட்டி விரல் விட்டு எண்ணினார். நாற்பத்தாறு. இன்னொரு தரம் எண்ணினார், அப்போதும் நாற்பத்தாறுதான். அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் அக்கா. வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் இருக்கிற நாலைந்து காலமானவர்களைச் சேர்த்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று ஒருவர் கேட்டார். பத்து வருஷமாக ஜூலையில் வந்து படம் வரைகிற ஜெர்மன்காரம்மாவை எழுதலாம் என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் தேதி யார் இந்தத் தீவில் இருக்கிறார்களோ அவர்களைத்தான் எழுதுவேன், இருப்பவரை விடமாட்டேன், இல்லாதவரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிளியோ வாசலிலேயே நின்றிருந்தாள். ஜனவரியில் காலமான என் மாமியாரின் பெயரை எழுதப் போகிறேனா இல்லையா என்று கேட்டாள். எப்படி முடியும் என்றேன்.

"எங்கம்மா எண்பத்தாறு வருஷம் இந்தத் தீவை விட்டு ஒரு நாள் நகரலை. இப்பவும் நகரலை. உங்க கணக்குல அவ மட்டும் எப்படி இல்லாமப் போவா?"

விதியில் அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை, காப்பிக் கடையில் எனக்கு மட்டும் காப்பித்தூள் தீர்ந்து போயிற்று.

கடைசியில் பான்டெலிஸ் நேர்மையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நாட்டில் மூன்றில் ஒருத்தன் ஏதென்ஸில்தானே இருக்கிறான், அதில் நம் ஆட்களும் இருக்கிறார்களே, அவர்களை வரவழைத்துவிட்டால் என்ன? ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஒரு சின்னக் கப்பலைப் பிடித்து நாற்பத்தோரு பேர் ஞாயிறு காலை வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே தீவில் நிற்கப் போகிறவர்கள்தானே, எனக்கு ஆட்சேபம் இல்லை. நோன்புக் காலம், இறைச்சி கூடாது என்பதால் கிளியோ பெரிய அண்டாவில் ஆக்டோபஸும் மக்ரோனியும் சமைக்க ஏற்பாடு செய்தாள். பேச்சு மட்டும் வரவில்லை.

நான் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்த பூகோளம் இந்த இடத்தில்தான் பழிவாங்கியது. நம் துறைமுகம் வடக்கு பார்த்தது, வெலானியுடையது தெற்கு பார்த்தது, ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை மதியம் தெற்கிலிருந்து பேய்க்காற்று. அந்த நேரத்தில் ஒரு கப்பல் தள்ளாடிக்கொண்டு நம் துறைக்குள் நுழைந்தது. நம்மவர்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று பான்டெலிஸ் மணி அடிக்க ஓடினார். பார்த்தால், வெலானிக்காரர்கள்! அவர்களுக்கும் அதே தாள் வந்திருக்கிறது, அவர்களும் அதே யோசனையில் பிரேயஸிலிருந்து தலைவரோடு சேர்த்து இருபத்தேழு பேராக வந்திருக்கிறார்கள், சொந்தத் துறைக்குள் நுழைய முடியாமல் இங்கே ஒதுங்கினார்கள். காற்று அடங்கியதும் போய்விடுவோம் என்று அவர்கள் தலைவர் கேப்டன் ஸஃபீரிஸ் மேல்தளத்தில் நின்றபடியே முகம் கொடுக்காமல் சொன்னார். ஞாயிறு விடிந்தபோது காற்று அடங்கத்தான் செய்தது. அடங்கி, ஒரு மணி நேரம் யோசித்து, வடக்கிலிருந்து இரண்டு மடங்காக அடித்தது. நம் துறை வாசலில் வீட்டு உயரத்துக்கு அலை. உள்ளே இருந்த கப்பல் வெளியே போக முடியவில்லை, வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த நம் கப்பல் உள்ளே வர முடியவில்லை. நம் நாற்பத்தோரு பேரும் நம் கண் முன்னாலேயே கையாட்டிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போய் வெலானியில் இறங்கினார்கள்.

பான்டெலிஸ் கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு வெலானிக் கப்பல் அருகே போனேன். துறைமுகத்தில் கட்டியிருக்கும் கலத்தில் இருப்பவரும் அந்த ஊர்க் கணக்கே என்பது பதினான்காம் விதி. உரக்கப் படித்தேன்.

"நாங்க கடல்மேல இருக்கோம் வாத்தியாரே. உங்க மண்ணுல ஒருத்தர் காலும் படலை," என்றார் ஸஃபீரிஸ்.

"கயிறு எங்க கல்லுலதான கட்டியிருக்கு, கேப்டன்?"

அவர் கயிற்றைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், அவிழ்க்கவில்லை. ஆனால் பெயர் சொல்லமாட்டோம் என்றார். பெயர் இல்லாமல் எழுத முடியாது, விதியும் அப்படித்தான். காலை பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, நான் படிவங்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒன்பது சின்னப் பிள்ளைகள், சனிக்கிழமையிலிருந்து பிஸ்கட் தவிர ஒன்றும் சாப்பிடாததுகள். அப்போதுதான் கிளியோ இரண்டு பேரை விட்டு அண்டாவைத் தூக்கிவரச் செய்து, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, கப்பலுக்கு நேரே மணம் போகிற இடத்தில் இறக்கி வைத்து மூடியைத் திறந்தாள். முதலில் ஒரு பிள்ளை பலகை மேல் ஓடி வந்தது, பின்னாலேயே அதன் தாய். கிளியோ கரண்டியை அண்டாவுக்கு மேலேயே நிறுத்தினாள்.

"பேர் தெரியாதவங்களுக்கு நான் சோறு போடறதில்லை கண்ணு. அங்க நிக்கறாரே, அவர்கிட்ட சொல்லிட்டு வா."

ஐந்து நாளில் என்னைக் குறிப்பிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கியது, காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். மூன்று மணிக்குள் இருபத்தாறு படிவம் முடிந்தது. கடைசியாக ஸஃபீரிஸ் இறங்கி வந்தார், மூன்று தட்டுச் சாப்பிட்டார், பெயர், வயது, தொழில் எல்லாம் சொன்னார். பிறந்த ஊர் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் குனிந்து என் காதருகே வந்தார்.

"ஸ்கீனோ. எங்கம்மா பிரசவத்துக்கு வெலானி போறப்ப இதே காத்துல மாட்டிக்கிட்டா. மெதுவா எழுது."

மெதுவாகத்தான் எழுதினேன். ஆனால் தட்டை வாங்க வந்த கிளியோவின் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. 'அப்ப நம்ம ஊர்ப் பிள்ளை' என்று மட்டும் முணுமுணுத்து நாலாவது தட்டு வைத்தாள், அந்த மனுஷனும் தலை நிமிராமல் சாப்பிட்டார். மாலை காற்று ஓய்ந்து கப்பல் புறப்பட்டபோது, முந்நூறு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் கையாட்டினார்கள். சிலர் ஆட்டினார்கள். பான்டெலிஸ் ஆட்டவில்லை.

ஆக, ஸ்கீனோ எழுபத்து மூன்று பேர். ஊராட்சி தப்பியது, குளிர்காலப் படகுச் சேவை தப்பியது, வாரம் ஒரு தரம் வருகிற நர்ஸம்மாவும் தப்பினாள். ஒரு பொய் எழுதவில்லை, ஒரு எண் கூட்டவில்லை, அவ்வளவும் கடவுள் அனுப்பிய நிஜ மனிதர்கள். உன் தம்பி மானத்தோடு இருக்கிறான் அக்கா. கடையில் காப்பித்தூள் மறுபடி கிடைக்கிறது.

அத்தானின் முழங்கால் குணமாக வேண்டும், பேரப்பிள்ளைகள் கிரேக்கம் மறக்காமல் வளர வேண்டும், கடல் தாண்டி இருக்கிற உங்கள் எல்லோருக்கும் மாதா துணை இருக்க வேண்டும். கிளியோ உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
அனார்கிரோஸ்

பி.கு. (செப்டம்பர் 15): இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி பான்டெலிஸிடம் கொடுத்திருந்தேன். காப்பிக் கடைச் சீட்டுக்கட்டுப் பெட்டியில் இன்றுதான் கிடைத்தது. இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. என் படிவங்களைப் பார்த்த கல்வித் துறை, பள்ளிக்கூடமே நடக்காத தீவில் ஒன்பது பிள்ளைகளா என்று பதறிப்போய், பூட்டிக் கிடந்த நம் பள்ளிக்கு தெஸ்ஸலோனிகியிலிருந்து அந்தூலா என்று ஒரு டீச்சரை அனுப்பிவிட்டது. நல்ல பெண். மூன்று மாற்றல் வாங்கி மூன்றிலும் பள்ளியை மூடிவிட்டார்களாம், இதுவும் மூடினால் வேலையே போய்விடும் என்று என்னிடம் சொல்லி அழுதாள். பிரேயஸில் இருக்கிற பிள்ளைகளை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? முதல் நாள் மேற்பார்வைக்கு ஒரு அதிகாரியும் வந்து நின்றார். அந்தூலா பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைப் படித்தாள். பெஞ்சுகளில், சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போய்ப் படிப்பை விட்ட ஒன்பது பேர் தலை சீவி, பவுடர் பூசி உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள். ஆறு வயது லூக்காஸின் பெயருக்குக் கை தூக்கியது உன் தம்பி மனைவி கிளியோ. அதிகாரி அவளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, ஊரின் கணக்கெடுப்பு அதிகாரி என்ற முறையில் இவர்களெல்லாம் அந்தப் பிள்ளைகள்தானா என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் அக்கா. மேலே மானம், பொய் என்று நான் எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. நாளைக்குக் கிளியோ வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டுமாம். இப்போது பருப்பு கருகுகிற வாசனை வருகிறது. சமையல் நான்தான்.