ஊசிமலைக் கோலுக்கு ஆள் தேடிய படலம்

இடுப்பே! கவ்வாத்து மலையின் குனிவையெல்லாம் ஒரே முடிச்சாக முடிந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்தால் குத்தி, குனிந்தால் குடைந்து, படுத்தால் பாம்பாய்ப் புரளும் இடுப்பே! உன்னைச் சுமந்து திரிந்த மாவீரனை முதலில் வாழ்த்திவிட்டுக் கதைக்குள் நுழைவதே முறை. வாழ்க குப்பமுத்து! தேயிலைச் செடிகளின் தலை கொய்து மலைமுழுதும் குச்சிக்குவியல் கண்ட கவ்வாத்துக் கத்தியான். அட்டைப் படைக்கு அன்றாடம் குருதிக்கொடை வழங்கும் வள்ளல். மழையையே குடையாகவும் பனியையே போர்வையாகவும் உடைய ஊசிமலைத் தோட்டத்துக் காளை. விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிக்குமுன்னே "இருக்கேங்க" என்று முழங்கும் சிங்கக்குரலோன், வாழ்க, வாழ்க!

ரயில்வண்டி பண்டாரவளையோடு மூச்சு வாங்கி நின்றுகொண்டு, பதுளைக்கு இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. பசறைக்கு மேலே, மேகமும் மாடும் ஒரே சரிவில் மேய்கிற ஊசிமலையை ஒரு துரை ஆண்டுவந்தார். அவருக்கு ஹாக்கி என்றொரு பித்து. பதுளை டவுன் அணிக்குத் தலைவரும் அவரே. தலைவரானால் போதுமா, தோற்கடிக்க யாராவது வேண்டாமா? ஆகவே தம் தோட்டத்திலேயே ஓர் எதிரணியை உண்டாக்கினார். கோப்பிச் செடி நோயில் செத்து மொட்டையாய்க் கிடந்த சரிவு போர்க்களமாயிற்று. இரண்டு சவுக்குக் கம்புகள் கோல் வாசலாயின. மழைநீர் ஓடக் கான் வெட்டுகிறவனும் முள்ளுக் குத்தி மண் கிளறுகிறவனும் உரம் போடுகிறவனும் வளைந்த மட்டையேந்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்துவந்த ஒரே தூக்கத்தையும் அரச கட்டளைக்குப் பலிகொடுத்தனர்.

அந்த வாசலைக் காத்து நின்றவன் காத்தமுத்து. பந்து வந்தால் காலால் தடுப்பான். கால் தவறினால் வயிற்றால். வயிறும் தவறினால் வாயால். இவ்வாறு முன்பல் இரண்டைக் களப்பலி கொடுத்தவனுக்குத் துரை ஒரு வரமளித்தார். "கோல் காக்குறவனுக்கு ஸ்டோர் வேலை!" ஸ்டோர் என்றால் சாதாரணமா? தேயிலை காயும் அந்தத் தகரக்கூரை மாளிகையில் மழை இல்லை, அட்டை இல்லை, குனிவு இல்லை. அடுப்புச் சூடு முதுகில் ஒத்தடமாக விழும். ஊசிமலையாருக்குச் சொர்க்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேலே காட்டமாட்டார்கள்; ஸ்டோரின் புகைபோக்கியைக் காட்டுவார்கள்.

விதி வலியது. அட்டை கடித்த காயம் சீழ்பிடித்து, காத்தமுத்துவின் வலக்கால் பூசணிக்காயாய் வீங்கிற்று. அவனுக்குக் கட்டும்போட்டு, கணக்கப்பிள்ளையின் மேற்பார்வையில் ஸ்டோர் வாசலில் சாக்குத் தைக்க உட்கார்த்தினார்கள். டவுன் அணியோடு பெரும்போருக்கு இரண்டே வாரம். அப்போதுதான் கங்காணி வைரவனுக்கு ஓர் உண்மை உச்சியில் இடித்தது: இத்தனை பெரிய சேனையில் இரண்டாவது கோல்காவலன் என்று ஒருவன்கூட இல்லை.

முதலில் கான் வெட்டும் சடையனை நிறுத்தினார்கள். ஏழு அடி ஆழக் கானுக்குள் பாம்போடு பேசிப் பழகியவன். நிற்பான் என்று நம்பினார்கள். பயிற்சியில் துரை பந்தோடு பாய்ந்து வந்தார். சடையன் இரண்டடி பக்கவாட்டில் ஒதுங்கினான், தலைத்துண்டை உருவினான், இடுப்பை வளைத்தான். "சலாங்க தொரே!" பந்து அவனைத் தாண்டி உள்ளே போயிற்று. அடுத்து உரம் போடும் ராக்கன். அவன் ஒதுங்கியது மட்டுமில்லை, துரைக்குத் தடங்கலாயிருக்குமே என்று சவுக்குக் கம்பையும் பிடுங்கி நகர்த்தி வைத்தான்.

இதில் அவர்கள் பிழை என்ன? ஊசிமலையில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டதும் அடுத்துக் கற்பது, துரை வருகிற வழியில் நடக்காமலிருப்பது. துரையைக் கண்டால் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கு; மழைக்குத் தலையில் மாட்டிய கொங்காணியை உருவு; வளை. இது புத்தியில் இருக்கிற பாடமல்ல, முழங்காலில் இருக்கிற பாடம்.

துரை களத்தின் நடுவே நின்று, வானம் அதிர ஒரு பிரகடனம் செய்தார்.

"கேளு, மேன்! கிரவுண்டுலே தொரே இல்லே! பந்து வாறான், நீ நிறுத்து! ஒதுங்காதே!"

"ஆமாங்க தொரே!" என்று ஒரே குரலில் முழங்கி, சேனை முழுதும் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

கங்காணி வைரவன் ஸ்டோர் வாசலுக்கு ஓடினான். "டேய் காத்தமுத்து, நீ மட்டும் எப்பிடிடா ஒதுங்காம நின்ன?"

காத்தமுத்து சாக்கூசியைக் கீழே வைக்காமலே சொன்னான். "எனக்கு நாலு முழத்துக்கு அங்கிட்டு வர்றது தொரையா எருமையான்னு தெரியாதுங்க கங்காணி. கிட்ட வந்தப்புறம் தெரியும். அதுக்குள்ள பந்து மேல பட்டுரும்."

ஊசிமலையின் வீரவரலாறு முழுவதும் ஒரு மங்கல்பார்வையின் மேல் நின்றது இப்படித்தான் வெளிப்பட்டது. அதே மாதிரி இன்னொரு கண்ணைத் தேடி, தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடுகளில் லயம் லயமாக அலைந்தான் கங்காணி. ஒருவன் கிடைத்தான், அவனுக்குத் துரையும் தெரியவில்லை, பந்தும் தெரியவில்லை, கோல் எந்தப் பக்கம் என்பதும் தெரியவில்லை.

அவ்வேளையில்தான், ஒரு கை இடுப்பிலும் ஒரு கை காற்றிலுமாக, நம் நாயகன் முன்வந்தான்.

"நான் நிக்கிறேங்க கங்காணி."

"ஏண்டா குப்பா, உனக்கு இடுப்பே நிக்கல. நீ எங்க கோல்ல நிக்கப்போற?"

"நனையாத வேலைங்க. இந்தக் கவ்வாத்து இன்னும் ஒரு வருசம் போனா நான் நாலுகால்லதான் நடக்கணும். ஸ்டோர் கெடைக்கும்னா எமனே வந்தாலும் நிப்பேன்."

"எமன் வந்தா நிப்படா. தொரை வந்தா?"

அந்த வினாவுக்கு விடைதேடி, குப்பமுத்து அடுத்த காம்பராவில் இருந்த தன் அண்ணன் பெண்சாதி ரெங்கம்மாவிடம் போனான். கொழுந்து பறிப்பதிலும் வாயடிப்பதிலும் அந்த லயத்தில் அவளுக்கு நிகரில்லை. கதையைக் கேட்டாள். அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரிச்சட்டியை எடுத்துத் துரையின் தொப்பியாகத் தலையில் கவிழ்த்தாள். கவ்வாத்துக் குச்சியொன்றைக் கையில் பிடித்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, லயத்து முற்றத்தில் யானைபோல் வந்தாள்.

"ஏய் மேன்! ஒதுங்கு மேன்! தொரே வாறான்!"

குப்பமுத்து சிரித்தான். ஒதுங்கவில்லை. மறுபடி வந்தாள், ஒதுங்கவில்லை. கரி வழிந்த நெற்றியோடு அவள் எத்தனை தரம் பாய்ந்தாலும் அவன் கால் மண்ணைவிட்டு நகரவில்லை.

"அவ்வளவுதான் கொழுந்தனாரே," என்றாள் ரெங்கம்மா. "தொரை வரும்போது கண்ணை மூடிக்கிட்டு, சட்டி கவுத்த மதினி வர்றான்னு நெனச்சுக்க."

போர் நாள் விடிந்தது. ஐப்பசி அடைமழை ஊவா மலைகளையெல்லாம் ஒரே ஈரத்துணியாய்ப் பிழிந்துகொண்டிருந்தது. குப்பமுத்துவின் கம்பளியிலோ லயத்து நாய் குட்டி போட்டு, சொத்துரிமையும் அதற்கே போய்விட்டிருந்தது. மழையில் இடுப்புப் பிடித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. ரெங்கம்மா தன் புதுக் கம்பளியை எடுத்து வந்தாள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வருசத்துக்கு ஒன்றுதான் தோட்டம் தரும்.

"இது எனக்கு மழைக்கு வீடு, தெரிஞ்சுக்க. ஒரு நூல் பிரிஞ்சு வந்தாலும் ஓன் கூரைத் தகரத்தை உருவிப் போத்திக்கிட்டு மலைக்குப் போவேன்."

"நூல்கூடப் பிரியாது மதினி," என்று வாக்களித்தான் வீரன்.

பசறையிலே விசில் வைத்திருந்த ஒரே மனிதர் என்ற தகுதியால் நடுவராய் வந்த கடைக்கார இத்ரூஸ் நானா, கன்னம் உப்ப ஊதினார். போர் மூண்டது! மட்டையோடு மட்டை மோதிய ஓசையில் காகங்கள் மரத்தை விட்டன. சேறு எழுந்து வானத்தை அப்ப, வானம் திரும்பவும் சேற்றையே பொழிய, டவுன் அணியின் அரசாங்கக் கச்சேரி எழுத்தர்களும் துணிக்கடைச் சிப்பந்திகளும் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து காவிக் காற்சட்டையோடு திரும்ப, கம்பளியைக் கொங்காணியாய்த் தலையில் மாட்டி நின்ற குப்பமுத்து, கணைக்காலால் ஒன்று, முழங்காலால் ஒன்று, சொல்லத்தகாத இடத்தால் ஒன்று என வந்த பந்தையெல்லாம் வாங்கி வாங்கிச் சேற்றில் புதைத்தான். அடி ஒவ்வொன்றும் விழுகையில் அவன் நெஞ்சில் ஸ்டோரின் அடுப்பு ஒருமுறை கனன்றது.

"நானா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்தினான் கங்காணி.

"முடியப்போகுது, பொறுங்க! மழையில விசில் ஊதவும் மூச்சு வேணுமே!"

ஒரு கோலும் விழவில்லை. அக்கணம் துரையிடம் பந்து வந்தது. நடுவில் நின்ற தோட்டத்தார் எண்மரும், பழக்க தோஷத்தால், இருபுறமும் ஒதுங்கிச் சலாமிட்டு அவருக்கு ராஜபாட்டை அமைத்துக் கொடுத்தனர். மலையிடிந்து வருவதுபோல் துரை வந்தார். குப்பமுத்து கண்ணை இறுக மூடினான். சட்டி. கரி. மதினி. மதினிதான் வருகிறாள். கால் நின்றது! ஊசிமலையே, பார், உன் மகன் கால் நின்றது!

"ஹேய்!" என்றது துரையின் தொண்டை. மலையில் வேலை பிசகினால் காலை முதல் மாலைவரை கேட்கிற அதே ஹேய்.

சட்டி உடைந்தது, மதினி மறைந்தாள். முழங்கால் தன் பாடத்தை ஒப்பித்தது. வலக்கால் பக்கவாட்டில் இறங்கிற்று. கை தலைக் கொங்காணியை உருவிற்று. இடுப்பு, அந்தப் பாழும் இடுப்பு, வலியை மறந்து வில்லாய் வளைந்தது. "சலாங்க தொரே!" மழையைக் குடித்து மலைப்பாம்பாய்க் கனத்திருந்த கம்பளி அவன் கையிலிருந்து நழுவி, கோல் வாசலின் குறுக்கே தொப்பென்று விழுந்தது. பாய்ந்து வந்த பந்து அதற்குள் புகுந்து, முக்கி, முனகி, நின்றேபோயிற்று. பின்னாலேயே வீசிய துரையின் மட்டை பந்தைக் காணாமல் கம்பளியைக் கண்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அதைக் கிழித்தது. இத்ரூஸ் நானா விசிலூதினார்.

தோற்கவில்லை! தோட்டம் தோற்கவில்லை! துரை மூச்சிரைக்க அவன் முதுகில் தட்டினார். "குட், மேன்! கம்பளி போட்டுப் பந்து பிடிச்சான்! புத்தி! நாளைக்கு நீ ஸ்டோர்!"

புத்தி என்று துரை சொன்னால் புத்திதான். கங்காணி வைரவன் அன்றே புதிய போர்விதி வகுத்தான்: இனி ஊசிமலைக் கோல்காவலர் யாவரும் ஒதுங்கலாம், உருவலாம், வளையலாம், கம்பளியை மட்டும் வாசலில் போட்டுவிட வேண்டும். ஒதுங்கத் தெரிந்த ஆளுக்கா ஊசிமலையில் பஞ்சம்? சடையன் வந்தான், ராக்கன் வந்தான், லயத்துக்கு நாலுபேர் வரிசையில் நின்றார்கள். வருங்காலத்துக்கும் காவலர் தயார். ஆனால் எந்த லயத்திலும் எந்தப் பொம்பளையும் கம்பளி தரவில்லை.

திங்கட்கிழமையும் மழை. ஸ்டோர் ஜன்னலோரம், முதுகில் அடுப்புச்சூடு தாலாட்ட, நிமிர்ந்து நின்றான் வெற்றிவேந்தன். வெளியே கொழுந்துக்கூடையோடு பெண்கள் மலையேறிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி தலையில் கிழிந்த சாக்கு. ஜன்னலண்டை வந்ததும் அவள் நின்றாள்.

"நல்லா நிமிந்து நிக்கிறீங்களே கொழுந்தனாரே. இடுப்பு சொகமா?"

குப்பமுத்து பாதையை விட்டு ஒதுங்குகிறவன்போல் ஜன்னலை விட்டு ஒதுங்கினான்.

ரெங்கம்மாவுக்கு அவன் ஒரு கம்பளி தரணும்.