ஆனந்தம் விட்டுப்போச்சு

பெண்டாட்டிக்கு நன்றி சொல்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவருக்குச் சட்டென்று "தேங்க்ஸ்ங்க" சொல்லிவிடுகிற வாய், மல்லிகாவின் முன்னால் போய் நின்றால் "மோட்டார் போட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். அந்த வாய் செய்ய வேண்டிய வேலையை ஒரு பேனரிடம் ஒப்படைத்தேன். அதன் பலனாக, மனைவி உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வரவழைத்த மனிதன் என்று காஞ்சிபுரத்தில் ஒரு தெருவுக்கே என்னைத் தெரியும்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள் ஆட்குறைப்பு என்றார்கள். குறைந்த ஆட்களில் நானும் ஒருவன். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் வீட்டில்தான். அந்த வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம், எங்கள் சீலிங் ஃபேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது என்று கண்டுபிடித்தது. மற்ற நேரமெல்லாம் எரிந்து விழுந்தேன். (காபி சூடாக இருந்தாலும் கோபம், ஆறியிருந்தாலும் கோபம்.)

மல்லிகா ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். நாள் முழுக்கப் புடவையை விரித்துக் காட்டி, வேண்டாம் என்கிறவர்களிடமும் சிரித்துவிட்டு மறுபடி மடிக்க வேண்டும். மடித்து முடித்து வீட்டுக்கு வந்தால் அங்கே நான். ஆனாலும் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. காலையில் தனக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது எனக்கும் ஒன்று கட்டி மேடைமேல் வைத்துவிட்டுப் போவாள். வீட்டிலேயே கிடக்கிறவனுக்கு எதற்கு டிபன் பாக்ஸ் என்று கேட்டேன்.

"நாளைக்கே வேலைக்குப் போவப் போறீங்க. பழக்கம் உட்டுப்போவக் கூடாது இல்லீங்க" என்றாள்.

மதியம் அதைத் திறந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நானும் வேலைக்குப் போகிற ஒரு மனிதனாக இருப்பேன்.

வாலாஜாபாத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் அவள் சொல்லி வைத்திருந்தது இதுதான்: மாப்பிள்ளைக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். ஃபோர்க்லிஃப்டை வீட்டிலிருந்து எப்படி ஓட்டுவார்கள் என்று என் மாமியார் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி வராததால் என் மானம் பிழைத்துக் கிடந்தது.

ஒருவழியாக ஏனாத்தூர் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. அடுத்த வாரமே எங்கள் கல்யாண நாள். இந்தத் தடவை அவளுக்குப் பெரிதாக ஏதாவது செய்தே தீருவது என்று கிளம்பினேன். புடவை எடுக்கலாமென்றால், "அதையும் நானே மடிக்கணுமா" என்பாள். எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், கவுன்சிலர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் அதற்கும் பேனர். ஒரு வருஷம் என்னைத் தாங்கியவளுக்கு வைத்தால் என்ன?

பேனர் கடை சேகரிடம் இரண்டே வகை டிசைன்தான் உண்டு. ஒன்று தலைவர் பிறந்தநாள். இன்னொன்று என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை. வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். (பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குப் பேர் கொடுத்தவனாக்கும்.)

"வேலையின்றி நான் தவித்த இருண்ட நாட்களில் விளக்காய் நின்றவளே! உன் தியாகத்தை என்றும் மறவேன். ஆனந்தக் கண்ணீருடன், அன்புக் கணவர் வரதராஜன்."

கல்யாணமான தேதியையும் இந்த வருஷத்துத் தேதியையும் போடச் சொன்னேன். மல்லிகா தனியாக இருக்கிற போட்டோ என்று என்னிடம் இருந்தது ஆதாருக்கு எடுத்த ஒன்றுதான். அதில் அவள் சிரிக்கவில்லை. (ஆதாரில் யார் சிரித்தார்கள்?) சேகர் வாட்ஸ்அப்பில் டிசைனை அனுப்பினான். பெரிதாக்கிப் பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டேன்.

கல்யாண நாளன்று விடியும்போதே தெருமுனையில் அவனே கட்டிவிட்டான். மல்லிகாவோடு சேர்ந்துதான் பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்ததால், நான் அந்தப் பக்கமே போகாமல் சந்து வழியாகப் பூக்கடைக்குப் போனேன். மாலை மாற்றிக்கொள்ளலாமே என்று இரண்டு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அதே சந்து வழியாகத் திரும்பினேன்.

தெருவில் தறிச் சத்தமே இல்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் தறியை நிறுத்துவார்கள். அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவில்லை. நம் கல்யாண நாளுக்கு இத்தனை மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். இரண்டு வீடு தள்ளித் தறி போட்டிருக்கும் ஏகாம்பரம் அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"மனச உட்றாதப்பா வரதா. தங்கமான பொண்ணு."

"ஆமாண்ணா. அவ இல்லன்னா நான் இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்போ எடுக்கறீங்க?" என்றார்.

போட்டோவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். போட்டோகிராபரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன்.

"ஆறு மணிக்குண்ணா. அவ கடையிலேர்ந்து வந்ததும் எடுத்துடலாம்."

"கடையிலயேவா ஆயிடுச்சு" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. தெருக்காரர்கள் சொல்லி வந்திருந்த ஒரு வேனிலிருந்து இரண்டு பேர் நீளமான கண்ணாடிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாலையோடு வந்த எனக்கு எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதே நேரம் ஆட்டோவிலிருந்து மாமியார் இறங்கினார். இறங்கும்போதே ஒப்பாரி. பேனரை யாரோ போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகளுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், அவள் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவள் எப்படி எடுப்பாள்?

சத்தம் கேட்டு மல்லிகா, தலையில் ஈரத் துண்டும் முகத்தில் மஞ்சளுமாகக் கதவைத் திறந்தாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. பெட்டியின் ஒரு முனை டக்கென்று தரையில் இறங்கியது. மல்லிகா பெட்டியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"யாருக்குங்க?" என்றாள்.

ஏகாம்பரம் அண்ணன் தெருமுனையைக் கை காட்டினார். எல்லாருமாகப் போனோம். மேகங்களுக்கு நடுவில் மல்லிகா சிரிக்காமல் இருந்தாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. இடது மூலையில் ஒரு தேதி, வலது மூலையில் அன்றைய தேதி. கீழே "கண்ணீருடன், அன்புக் கணவர் வரதராஜன்". ஆனந்தத்தைக் காணவில்லை.

சேகருக்குப் போன் போட்டேன். "லைன் பெருசாப் பூடுச்சுண்ணா, எடம் பத்தல. ஒரு வார்த்ததானேன்னு எடுத்துட்டேன்" என்றான்.

மாமியார் மகளின் கையையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். பிறகு பேனரை நிதானமாக, முதலிலிருந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "வேலையின்றியா?" என்றார். ஒரு வருஷமாக மல்லிகா பொத்திப் பொத்திக் காப்பாற்றிய என் மானத்தை, நானே கலரில் அச்சடித்துத் தெருமுனையில் கட்டியிருக்கிறேன். மாமியார் பிடித்துக்கொண்டார். சம்பாத்தியம் இல்லாதவன், பொய்க்காரன், போதாக்குறைக்குப் பெண்ணையும் சாகடித்துவிட்டான் என்று தெருவே கேட்கும்படி பொரிந்து தள்ளினார். நான் இரண்டு மாலையையும் பிடித்தபடி நின்றேன்.

மல்லிகாதான் குறுக்கே வந்தாள்.

"செத்தவ நானு. நானே சும்மா இருக்கிறேன், நீ எதுக்குமா கத்திக்கினு இருக்கிற?"

முதலில் சிரித்தது ஏகாம்பரம் அண்ணன். அப்புறம் பெட்டி தூக்கி வந்தவர்கள். மாமியார் மட்டும் விடாமல், அந்த வொர்க் ஃப்ரம் ஹோம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"வீட்ல இருந்துக்கினு வேல தேடுனாரு. அதுவும் வேலதாம்மா" என்றாள்.

பிறகு பேனரை ஒருமுறை முழுதாகப் படித்தாள். என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "இத வாயால சொல்லியிருக்கலாம் இல்லீங்க?" என்றாள்.

வாயைத் திறந்தேன். மோட்டார்தான் முதலில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீ கட்டி வெச்சுட்டுப் போன அந்த டிபன் பாக்ஸ்தான் என்னக் காப்பாத்துச்சு மல்லிகா. ரொம்ப தேங்க்ஸ்."

தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் ஒற்றிக்கொண்டு, "மாலையக் குடுங்க. இத்தினி பேரு வந்துக்கீறாங்க, சும்மாவா அனுப்பறது" என்றாள். ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் நின்று மாலை மாற்றிக்கொண்டோம். துக்கத்துக்குப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லாரும் காபி குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் கிளம்பியது.

இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கல்யாண நாளன்று மாமியார் விடியற்காலையில் போன் செய்து, வாழ்த்துவதற்கு முன்னால் "கீறியாடி?" என்று மகள் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொள்வார். பேனர் எங்கள் பாத்ரூம் கூரைத் தகரத்தின்மேல் மழைக்குக் காவலாகக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் எது குறைந்தாலும் அதற்குப் பெயர் ஆனந்தம்தான். சாம்பாரில் உப்பு இல்லையா, சட்டையில் பட்டன் இல்லையா, ஆனந்தம் விட்டுப்போச்சு.

காலையில் டிபன் பாக்ஸை வாங்கும்போது இப்போதெல்லாம் தேங்க்ஸ் சொல்லிவிடுகிறேன். அவள் மூடியை அழுத்திக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆனந்தம் சேத்துச் சொல்லுங்க" என்பாள்.

சேர்த்தே சொல்கிறேன். வாயில் இடம் பத்தாமல் போவதில்லை.