அந்தோனியாருக்குப் போட்டியாக ஒரு தேடல் பெட்டி

யார் கையில் தேடல் பெட்டியைக் கொடுத்தாலும் அவர் முதலில் தட்டிப் பார்ப்பது தன் பெயரைத்தான். வெப்சைட் கட்டிப் பிழைக்கும் நான் சத்தியம் செய்து சொல்லக்கூடிய உண்மை இது ஒன்றுதான். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பினாங்கில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், தமிழ்ப் பூசைக்கு வந்த மொத்தக் கூட்டத்தின் முன்னால், என் அம்மாவின் மானத்தை வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். (நைட்டியில்தான். ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்தது.) தலைக்குள் அறிவு கொஞ்சம் அளவுக்கு மீறியே இருக்கிறது என்பது என் சொந்தக் கணிப்பு. கோயில் வெப்சைட்டை இலவசமாகச் செய்துகொடுத்ததும் நான்தான்.

அதில் பூசை நேரம், அறிவிப்புகள், பாடல்கள், பூசையில் யாருக்கு எந்த வாரம் பைபிள் வாசகம் என்ற பட்டியல் எல்லாம் இருந்தன. கூடவே, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு விண்ணப்பம் எழுதும் பக்கமும் இருந்தது. முன்பெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் அதை போனிலேயே எழுதும்படி மாற்றியிருந்தேன். எழுதியதை ஃபாதர் மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் படிப்பார். பூசையில், "குடும்ப சமாதானத்துக்காக, நோய் தீர" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார். யார் யாருக்காக என்ன கேட்டார்கள் என்பது ஃபாதருக்கும் அந்தோனியாருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

ஒருநாள் ஃபாதர் கூப்பிட்டார். "ஞானஸ்நான கிளாஸ் எப்போன்னு கேட்டு ஆபீஸுக்குப் போன் மேல போன் வருதும்மா. வெப்சைட்ல தேடுற மாதிரி ஒண்ணு வைக்க முடியுமா?" பிறகு அவரே சிரித்தார். "தொலைஞ்சதைத் தேடித் தர நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு புனிதர் இருக்காரு. இருந்தாலும் பரவால்ல, அவருக்கும் ஒரு ஆள் ஒத்தாசைக்கு இருக்கட்டும்."

அரை நாளில் எளிமையாக ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் எளிமை பிடிக்காதே! வெளிநாட்டுத் தேடல் சேவை ஒன்றைப் பிடித்தேன். நம் எழுத்தையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டால், அவர்களே தங்கள் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்துக்கொண்டு, நாம் தட்டத் தட்ட விடையைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்பக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள் என அவர்களுடைய வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. முதல் பக்கமெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு என்று நான் நேராக நான்காம் பக்கத்துக்குப் போனேன். முழுத் தேடல் என்றால் முழுசாகத்தானே இருக்க வேண்டும்? டேட்டாபேஸில் இருந்ததை ஒன்று விடாமல் அள்ளி அனுப்பும்படி பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். 'ஞானஸ்நானம்' என்று தட்டிப் பார்த்தேன். கிளாஸ் நேரம் வந்தது. சோதனை முடிந்தது என்று லேப்டாப்பை மூடினேன்.

விண்ணப்பப் பக்கத்துக்குத்தான் பாஸ்வேர்டு. விண்ணப்பங்களையோ நானே வெளியே அனுப்பியிருந்தேன். அலமாரியைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்த துணியை எல்லாம் வாசலில் காயப்போட்ட கதைதான்.

இங்கே பிலோமினா ஆண்ட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவும் அவரும் முப்பது வருட சிநேகிதிகள். இருவரும் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே வெளியுலகம் பிலோமினா ஆண்ட்டியின் கார்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஐந்தே முக்காலுக்குக் கீழே ஆர்ன் அடிக்கும், அம்மா இறங்கிப் போவார். ஆண்ட்டியின் குரல் பெரிய குரல். இதற்கு மேல் அதைப் பற்றி அம்மா என்னிடம்கூட எதுவும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் மீஹூன் நூடுல்ஸும் தே தாரிக் டீயும் பரிமாறினார்கள். நான் புரொஜெக்டரைப் போட்டு, மைக்கைப் பிடித்து, ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். 'ஞானஸ்நானம்' வந்தது. கை தட்டினார்கள். அப்போது முதல் வரிசையிலிருந்து பிலோமினா ஆண்ட்டி எழுந்தார்.

"என் பேரப் போடு பாப்போம். எனக்கு எந்த வாரம் வாசகம்னு வருதா?"

போட்டேன். 'பிலோமி' வரை தட்டுவதற்குள் விடை கொட்டிவிட்டது. சேவை அவ்வளவு வேகம். எந்தக் குறிப்பில் பெயர் அதிகம் வருகிறதோ அதை மேலே வைக்கும் புத்திசாலித்தனமும் அதற்கு உண்டு. வாசகப் பட்டியல் கீழே போய்விட்டது. மேலே, சுவரளவு பெரிதாக, பெயர் மட்டும் மஞ்சளில் மின்ன, இது நின்றது:

'ரெஜினா. அந்தோனியாரே, பிலோமினாவின் தொண்டைக்கு இந்தத் தபசு காலம் முழுக்க ஓய்வு தாரும். பிலோமினாவுக்கு நோய் வேண்டாம். சும்மா அடைத்தால் போதும்.'

ரெஜினா என் அம்மா.

அதன் கீழே இன்னும் நான்கு. எல்லாம் அதே தொண்டை பற்றித்தான். மண்டபத்தில் யாரோ தே தாரிக்கை உறிஞ்சிய சத்தம் கடைசி வரிசையிலிருந்து எனக்குக் கேட்டது. நான் பக்கத்தை மூடியிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

அம்மா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"இப்ப என் பேரப் போடு! அவ மட்டும் என்னப் பத்தி எழுதாமலா இருந்திருப்பா?"

அம்மா சொன்னால் மறு பேச்சுப் பேசாமல் செய்யும் ஒரே சந்தர்ப்பமாக அதைத்தானா நான் தேர்ந்தெடுக்க வேண்டும்? 'ரெஜினா' என்று தட்டினேன்.

'பிலோமினா. அந்தோனியாரே, ரெஜினா மகளுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். நாள் முழுக்க நைட்டியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள். ரெஜினா வெளியே சொல்லமாட்டாள், மனசுக்குள் அழுகிறாள். நீர்தான் பார்க்க வேண்டும்.'

ஒன்பது செவ்வாய்க்கிழமை. ஒன்பது முறை அதே விண்ணப்பம்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆண்ட்டி திட்டி எழுதியிருந்தால் அம்மா ஜெயித்திருப்பார். தனக்காக ஒருத்தி ஒன்பது வாரம் முழங்கால் போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிலோமினா ஆண்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்குள் சிரிப்பு சட்டென்று அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். மண்டபமே தலையைக் குனிந்திருந்தது. ஜெபம் இல்லை, எல்லோரும் போனை எடுத்து அவரவர் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்தும்மா!" என்றார் ஃபாதர். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அனுப்பியதை எல்லாம் அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். நிச்சயமாகத்தானா, உறுதி செய்ய இந்தத் தொகுப்புக்கு நீங்கள் வைத்த பெயரை அப்படியே தட்டுங்கள் என்று கேட்டது. இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை அழிந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் பங்கில் இரண்டு மாமியார்களும் ஒரு பொருளாளரும் நிறைய தெரிந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்து மணிக்கே அம்மா சேலை கட்டி, ஜெபமாலைப் பையோடு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தே முக்கால் ஆனது. ஆர்ன் அடிக்கவில்லை.

"டாக்சி கூப்பிடவாம்மா?"

"வேணாம். அவ வராட்டி நான் போகல."

அம்மாவின் குரல் உடைந்திருந்தது. முப்பது வருட சிநேகத்தைப் பன்னிரண்டு வரியில் முடித்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீழே ஆர்ன் நீளமாக அடித்தது. அம்மா லிஃப்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"சீக்கிரம் ஏறு லா! கெரேத்தாவ நடு ரோட்டுல நிறுத்திருக்கேன்."

"பிலோ, நான் எழுதினது..."

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டுத்தான் வர்றேன், அதான் லேட்டு. நோய் வேணாம்னு நீ தெளிவா எழுதிட்டியாம், அதனால பெரிய பாவம் இல்லையாம். ஆனா பாடுறத நான் நிறுத்தமாட்டேன், சொல்லிட்டேன்."

அம்மா அழுதுகொண்டே ஏறினார். நான் ஜன்னலருகே குனிந்து, "சாரி ஆண்ட்டி" என்றேன்.

"பரவால்லடி. உனக்கு வேலை கிடைச்சிருச்சா?"

"எனக்கு வேலை இருக்கு ஆண்ட்டி!"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவசரத்தில் நைட்டியோடு ஓடி வந்திருந்தேன். "ம்ம்," என்றார். முன் இருக்கையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகைக்கு அப்படிக் குலுங்காது.

இன்றைக்குக் கோயிலில் மறுபடியும் துண்டுச்சீட்டும் மரப்பெட்டியும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த இருவரும் காரிலேயே உட்கார்ந்து, சீட்டை மாற்றிப் படித்துத் திருத்திய பிறகே பெட்டியில் போடுகிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. என் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். சாப்பாட்டு மேசை மட்டும் மாறவில்லை. அதனால் எனக்காக அவர்கள் எழுதும் விண்ணப்பமும் மாறவில்லை. 'வேலை' என்பதற்கு முன்னால் 'ஒழுங்கான' என்று அம்மா சேர்த்திருக்கிறார். போன வாரச் சீட்டில், அவர்கள் இருவர் பெயருக்கும் கீழே, என் கணவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.